மலையேறும் பிக்கப்புக்கு ஆயில் கேட்ச் கேன்: பொருத்தினேன், அளந்தேன், கழற்றினேன்

ஜூன் மாதம் ஒரு காலையில் கொல்லிமலையின் காரவள்ளி அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி பானட்டைத் தூக்கினேன். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளிப்பைச் சுற்றி எண்ணெய் கசிந்து, அதன் மேல் மலைச்சாலையின் செம்மண் படிந்து களிம்பாகி இருந்தது. கிளிப்பை இறுக்கித் துடைத்துவிட்டு மேலே போனேன். மலைமேல் உள்ள செம்மேடு போய்த் திரும்பி இறங்கியபோது அதே இடம் மறுபடி நனைந்திருந்தது.

வண்டி 2018-ல் வாங்கியது. பி.எஸ்-4 புகை விதி, 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், காமன்ரெயில் டர்போ டீசல். அந்த ஜூனில் ஓடோமீட்டரில் 1,32,000 கிலோமீட்டர். கொல்லிமலைக்கு ஏறும்போது அரிசியும் சிமெண்டும், இறங்கும்போது அன்னாசியும் பலாவும் வாழையும். இடையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலை வேலை இல்லாத நாட்களில் நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை ஏற்றிப் போகும். அப்போது வண்டி ஓட்டுநர் கையில் இருக்கும். இந்த விவரத்தை முதலிலேயே சொல்கிறேன், ஏனென்றால் என் முடிவு கடைசியில் இதில்தான் வந்து நின்றது.

என்ஜினின் எண்ணெய் ஆவியைப் பிடித்துவைக்கும் கேட்ச் கேனைப் போடச் சொன்னவன் கனடாவில் இருக்கும் என் பெரியப்பா மகன். அவனிடம் ஃபோர்டின் 3.5 லிட்டர் எகோபூஸ்ட் பெட்ரோல் பிக்கப் இருக்கிறது, 2014 மாடல். அதில் பொருத்தி நன்மை கண்டதாகச் சொல்லிப் படங்கள் அனுப்பினான். அவன் வண்டிக்கு அது பொருந்தும். அந்த என்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. உள்ளிழுப்பு வால்வின் முதுகை எரிபொருள் கழுவுவதே இல்லை. என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவி அந்த வால்வில் படிந்து கரியாக வேகிறது. 2017-ல் வந்த இரண்டாம் தலைமுறை 3.5 எகோபூஸ்டில் நேரடிப் பீய்ச்சலோடு, வால்வுக்கு முன்னால் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும் சேர்க்கப்பட்டன. நம் டீசலின் கதை வேறு. இங்கே எரிபொருள் எப்போதுமே வால்வைத் தொடுவதில்லை. எண்ணெய் ஆவியோடு, வெளியேறும் புகையில் ஒரு பங்கை மீண்டும் என்ஜினுக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். வழியாகத் திரும்பும் புகைக்கரியும் சேர்ந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் உள்ளிழுப்பு மேனிஃபோல்டில் தார் போன்ற பசையாகப் பிடிக்கிறது. என் வண்டியின் மேனிஃபோல்டு வாயில் விரலை விட்டுப் பார்த்தேன். குறைந்தது 3 மி.மீ. படிவு.

அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கிராங்க்கேஸுக்குள் இறங்கும். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இதை பேக் கம்ப்ரஷன் என்பார்கள். புத்தம்புது என்ஜினிலும் இது உண்டு. இந்த வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்களைத் தள்ளிவிடும். அதனால் என்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவரிலிருந்து ஒரு பிரீதர் குழாய், ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள பைப்பில் போய்ச் சேர்கிறது. வாயுவோடு எண்ணெய்த் துளிகளும் நீராவியும் போகின்றன. டர்போ அதை இழுத்து இன்டர்கூலரில் தள்ளுகிறது. குளிர்ந்த எண்ணெய் அங்கே அடியில் தங்கிவிடுகிறது. கேட்ச் கேன் என்பது இந்தப் பிரீதர் குழாயின் நடுவே வைக்கும் ஒரு பாத்திரம். வாயு உள்ளே வந்து, வேகம் குறைந்து, எண்ணெயைக் கீழே விட்டுவிட்டு டர்போவுக்குப் போக வேண்டும். கருத்து அவ்வளவுதான்.

நாமக்கல்லில் எனக்குப் பழக்கமான பட்டறை அண்ணன் லாரி என்ஜின்களிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்தவர். கேன் பற்றிச் சொன்னதும், "தம்பி, எண்ணெய் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்" என்றார். டர்போவின் இரு பக்க ஹோஸ்களையும் கழற்றினோம். உள்ளே போகும் பக்கம் காய்ந்தும் வெளியேறும் பக்கம் நனைந்தும் இருந்தால் டர்போவின் சீலைச் சந்தேகிக்க வேண்டும். எங்களுக்கு உள்ளே போகும் பக்கமே நனைந்திருந்தது. பிரீதர் வந்து சேரும் இடத்திலிருந்துதான் ஈரம் தொடங்கியது. டர்போ சக்கரத்தை விரலால் அசைத்தோம். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம், அது இயல்பு. முன்னும் பின்னும் அசைவில்லை, சக்கரம் கூட்டில் எங்கும் உரசவில்லை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் பொருள் அது; உரசிய தடம் துளி தெரிந்திருந்தால் கேன் பேச்சை அங்கேயே விட்டிருப்பேன். ஹீட்டர் பிளக் துளைகள் வழியே சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அழுத்தமும் பார்த்தோம். நான்கு சிலிண்டர்களுக்கும் இடையே 2 பார் வேறுபாடுகூட இல்லை. ரிங்குகள் நன்றாக இருக்கின்றன.

இன்டர்கூலரைக் கழற்றிச் சாய்த்தபோது 180 மி.லி. கருப்பு எண்ணெய் வந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஒரு முழு நாள் வெயிலில் தொங்கவிட்டு, காற்றடித்துக் காயவைத்த பிறகே மாட்டினோம். இதில் அவசரப்படவே கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் மண்ணெண்ணெயோ எண்ணெயோ மொத்தமாக என்ஜினுக்குள் போனால், டீசல் என்ஜின் அதையே எரிபொருளாக்கித் தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பி நிறுத்தினாலும் நிற்காது, ஏனென்றால் எரிவது இன்ஜெக்டரிலிருந்து வரும் டீசல் அல்ல. வண்டி கியரில் நிற்கக்கூடிய நிலையில் இருந்தால், பெரிய கியரைப் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்து, கிளட்சை விட்டு என்ஜினைத் திணறடிக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று நுழையும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையாலோ துணியாலோ அடைக்கப் பார்க்கக் கூடாது, இழுத்துக்கொள்ளும்.

கேன் பொருத்துவதற்கு முன் கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளக்க விரும்பினேன். கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான தண்ணீர்க் குழாய் வீட்டில் கிடந்தது. அதை ஆங்கில 'யு' வடிவில் ஒரு பலகையில் கட்டி, நடுவே ஸ்கேல் ஒட்டி, மஞ்சள் கலந்த தண்ணீரைப் பாதி உயரத்துக்கு நிரப்பினேன். காயலான் கடையில் வாங்கிய பழைய ஆயில் மூடி ஒன்றைத் துளைத்து, நிப்பிள் வைத்து, குழாயின் ஒரு முனையை அதில் இணைத்தேன். மறுமுனை திறந்த காற்றில். 'யு'வின் இரண்டு பக்கங்களிலும் நிற்கும் தண்ணீரின் உயர வேறுபாடுதான் அழுத்தம். 100 மி.மீ. தண்ணீர் என்றால் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். பலகையை எப்போதும் என்ஜினைவிடத் தாழ்வாக வைத்து, குழாயை மேலே வளைத்து இறக்க வேண்டும், தண்ணீர் என்ஜினுக்குள் போய்விடாதபடி. செலவு 60 ரூபாய்.

என்ஜின் சூடான பிறகு ஐடிலிங்கில் 14 மி.மீ., வண்டி நின்றபடி நிமிடத்துக்கு 3000 சுற்றில் 45. பிறகு நீண்ட குழாயைக் கேபினுக்குள் இழுத்து, மைத்துனரைப் பக்கத்தில் உட்காரவைத்து, முழுப் பாரத்தோடு மலையேறினேன். இரண்டாவது கியரில் வளைவுகளை ஏறும்போது அவர் வாசித்த உச்ச அளவு 110. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். அந்த எண்களைக் கேன் போட்ட பிறகு ஒப்பிடுவதற்கான அடிப்படையாக மட்டும் வைத்துக்கொண்டேன். சர்வீஸ் கையேட்டில் இந்த என்ஜினுக்கு உரிய வரம்பு என்ன என்று அன்றே புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தவறுக்கு இரண்டு மாதம் போனது.

இணையத்தில் 1,100 ரூபாய்க்கு வாங்கிய அலுமினியக் கேன் பார்க்க அழகாக இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே எதுவும் இல்லை, வெறும் டப்பா. தடுப்புத் தட்டோ வலையோ இல்லாத டப்பாவில் பெரிய துளிகள் வேண்டுமானால் விழும். மூடுபனி போன்ற நுண்துளிகள் வாயுவோடு ஒரு வாயில் நுழைந்து மறு வாயில் போய்விடும். அதைவிடக் கவலை தந்தது நிப்பிளின் அளவு. என் பிரீதர் ஹோஸின் உள்விட்டம் 19 மி.மீ., கேனின் நிப்பிள் 10 மி.மீ. பரப்பைக் கணக்கிட்டால் கால் பங்கைச் சற்றே தாண்டும். மாட்டி அளந்தேன். ஐடிலிங்கிலேயே 35 மி.மீ. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் 150-ஐத் தாண்டியது, உடனே அணைத்தேன். எண்ணெய்க் கசிவை நிறுத்த வாங்கிய பொருள் என்ஜினின் மூச்சையே அடைக்கிறது. டர்போவை உயவூட்டிவிட்டு எண்ணெய் புவியீர்ப்பால்தான் என்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்குத் திரும்புகிறது. கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால் அந்த எண்ணெய் இறங்க முடியாமல் தேங்கி, டர்போவின் சீலைத் தாண்டிக் காற்றுப் பாதைக்குள் வரும். பிறகு நல்ல டர்போவைக் குறை சொல்லி மாற்றுவார்கள். இந்த மாதிரிக் கேன்களை மாட்டிவிட்டு, பின்னால் கிராங்க் சீல் ஒழுகுகிறது என்று பட்டறைக்கு வரும் வண்டிகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஆகவே லேத் பட்டறையில் நாமே செய்தோம். 90 மி.மீ. உள்விட்டமுள்ள ஸ்டெயின்லெஸ் குழாயில் 200 மி.மீ. நீளம் வெட்டி, இரு பக்கமும் தட்டு வைத்து ஆர்கான் வெல்டிங். சேரும் திரவத்தில் தண்ணீரும் இருப்பதால் சாதாரண இரும்பு கூடாது, துருப்பொடி டர்போவுக்குப் போகும். நிப்பிள்கள் இரண்டும் 19 மி.மீ. உள்விட்டம். அடியிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் ஒரு துளைத் தட்டு. அதன் கீழ் ஏறக்குறைய அரை லிட்டர் சேரலாம். தட்டுக்கு மேலே இன்னொரு துளைத் தட்டு, இரண்டுக்கும் இடையில் நெய்த ஸ்டெயின்லெஸ் வலையைச் சுருட்டி அடைத்தோம். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைப் பலர் பயன்படுத்துகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதன் இழைகள் நாளாக ஆக ஒடிந்து உதிரும், நேரே போய்ச் சேரும் இடம் டர்போ சக்கரம். அடியில் வடிக்க ஒரு பித்தளை பால் வால்வு. கூலியோடு எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய்.

ஹோஸ் வாங்கத் திருச்செங்கோடு போனேன். போர்வெல் வண்டிகளின் ஊர் என்பதால் எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ஹோஸ் எந்த அளவிலும் கிடைக்கும். ரேடியேட்டர் ஹோஸைப் போட்டால் சில மாதங்களில் ஊறிப் பொதுபொதுத்து, சூட்டில் சப்பையாகிவிடும். கேனைப் பேட்டரிப் பக்கம், டர்போவின் சூட்டிலிருந்து விலக்கி, ரப்பர் புஷ் வைத்துப் பொருத்தினோம். ராக்கர் கவரிலிருந்து கேனுக்கு வரும் ஹோஸ் முழுவதும் கேனை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். நடுவில் தொய்வு விட்டால் அங்கே எண்ணெய் தேங்கி வழியை அடைக்கும். அளந்து பார்த்தேன்: ஐடிலிங்கில் 15, 3000 சுற்றில் 48. முன்பிருந்த அளவோடு ஏறக்குறைய ஒன்று. அன்று மகிழ்ச்சியாக வீடு திரும்பினேன்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கேனின் வெளிவாயை டர்போவுக்குத் திருப்பாமல் திறந்தவெளியில் விட்டுவிடுகிறார்கள் சிலர். அந்தப் புகையை மூச்சில் வாங்குவது கேபினில் இருப்பவரும் பின்னால் வருபவரும். அதோடு, சொட்டும் எண்ணெய் சாலையில் விழுகிறது. கொண்டை ஊசி வளைவில் விழும் பத்துச் சொட்டு எண்ணெய், மழை தூறும்போது இரு சக்கர வாகனத்தில் குழந்தையோடு இறங்கும் ஒருவரை வீழ்த்தப் போதும். அந்தச் சாலையில் வாரம் நான்கு முறை போகிறவன் நான். அப்படித் திறந்து விடுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன்.

1,32,600-ல் பொருத்தினேன். 1,33,600-ல் வடித்தபோது 110 மி.லி. கண்ணாடிப் புட்டியில் இரண்டு நாள் வைத்தேன். அடியில் 15 மி.லி. அளவுக்குக் கலங்கிய தண்ணீர், மேலே கருப்பு எண்ணெய், இடையில் காபி நிறத்தில் ஒரு நுரைப் படலம். விடியற்காலைக் குளிரில் செம்மேட்டில் கிளப்பும் வண்டிக்கு அந்த நுரை இயல்பானது. அதை மட்டும் பார்த்து ஹெட் கேஸ்கெட் போய் ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயில் கலக்கிறது என்று பயப்பட வேண்டியதில்லை. இவ்வளவு எண்ணெய் இனி இன்டர்கூலருக்குப் போகாது என்று நினைத்தேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு 110 மி.லி. என்பது ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு வண்டி கேரள முட்டை லோடுக்குப் போனது. 2,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை வடித்துவிடும்படி ஓட்டுநரிடம் சொல்லி, வால்வையும் காட்டியிருந்தேன். அவர்மேல் குறையில்லை. இரவில் ஓட்டி, விடியலில் இறக்கி, அடுத்த லோடுக்கு விரையும் மனிதர் சாலையோரம் படுத்து வால்வைத் திறந்து புட்டியில் பிடிப்பார் என்று நான் எதிர்பார்த்ததுதான் பிழை. 4,800 கிலோமீட்டர் கழித்து, ஆடிப் பதினெட்டுக்கு முந்தைய வாரம், வல்வில் ஓரி விழாவுக்கு மலைக்குச் சரக்கு ஏற்ற வண்டி வந்தது. ஏற்றுவதற்கு முன் வால்வைத் திறந்தேன். ஒழுகிக்கொண்டே இருந்தது. 480 மி.லி. துளைத் தட்டைத் தொட இன்னும் ஒரு விரல் உயரம்கூட இல்லை. அன்று வடிக்காமல் மலையேறியிருந்தால், முதல் சில வளைவுகளிலேயே கேன் சாய்ந்து, அரை லிட்டர் எண்ணெய் அலையடித்து வலைக்குள் ஏறி டர்போவின் வாய்க்குப் போயிருக்கும். முழுப் பாரம், இரண்டாவது கியர், ஒரு பக்கம் பள்ளம். இதை எழுதும்போதும் வயிறு கலங்குகிறது. கேன் இல்லாத வண்டியில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக எரிந்துபோகும். வடிக்காத கேன் அதைச் சேர்த்துவைத்து ஒரே நேரத்தில் ஊற்றக் காத்திருக்கிறது.

அன்று இரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு 100 முதல் 110 மி.லி. பத்தாயிரத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். இந்த வண்டிக்கு ஓர் ஆயில் மாற்றத்திலிருந்து அடுத்ததற்குள் நான் ஊற்றி நிரப்பும் அளவும் ஒரு லிட்டர்தான். வண்டி தின்னும் எண்ணெய் முழுவதும் இந்த ஒரே குழாய் வழியாகப் போகிறது. ரிங்குகளும் டர்போவும் நன்றாக இருக்க, பிரீதரில் மட்டும் இவ்வளவு எண்ணெய் ஏன்? கையேட்டைப் புரட்டினேன். மலையில் நான் அளந்த 110 மி.மீ. அதில் சொன்ன வரம்பைத் தாண்டியிருந்தது.

பட்டறை அண்ணன் உடனே ராக்கர் கவரைக் கழற்றினார். அந்த பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே, வண்டி செய்தவர்கள் வைத்த எண்ணெய்ப் பிரிப்பான் இருக்கிறது: வளைந்து வளைந்து போகும் அறைகள், பிரிந்த எண்ணெய் கீழே இறங்க ஒரு சிறு வடிகால் துளை. அந்தத் துளை கரிப்பசையால் முழுதாக அடைபட்டிருந்தது. பிரிந்த எண்ணெய் இறங்க வழியில்லாமல் அறைகளில் தேங்க, வாயு அதைக் கொதிக்கவைப்பதுபோல் கலக்கி வெளியே தள்ளியிருக்கிறது. வழி குறுகியதால்தான் அழுத்தமும் ஏறியது. பிரிப்பான் தனியாகக் கிடைக்காது; கவர் முழுதாக வாங்க வேண்டும், கேஸ்கெட்டோடு 5,400 ரூபாய் ஆனது. ஆயில் அளவுக் கம்பியையும் பார்த்தோம். ஓட்டுநர் நல்லெண்ணத்தில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தார். மிகையான எண்ணெயை கிராங்க் அடித்துத் தெறிக்கவிட்டு மேலும் ஆவியைக் கூட்டும். சரியான அளவுக்கு இறக்கினோம்.

புது கவருடன் தண்ணீர்க் குழாய் காட்டியது: ஐடிலிங்கில் 4, 3000 சுற்றில் 15, மலையில் பாரத்தோடு 38. கேனை அப்படியே வைத்து 1,000 கிலோமீட்டர் ஓட்டினேன். சேர்ந்தது 12 மி.லி. அடுத்த ஆயிரத்தில் 10. அதற்குப் பிறகு கேனைக் கழற்றி, பழைய பிரீதர் ஹோஸையே மாட்டிவிட்டேன்.

10 மி.லி. எண்ணெயையும் இன்டர்கூலருக்கு விடாமல் தடுக்கலாமே என்று மைத்துனர் கேட்டார். தன் வண்டியைத் தானே ஓட்டி, ஞாயிறுதோறும் பானட்டைத் திறந்து பார்ப்பவர் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். என் பெரியப்பா மகனின் பெட்ரோல் என்ஜினுக்கு அது மதிப்புள்ள பாதுகாப்பும்கூட. ஓட்டுநர் மாறி மாறி ஓட்டும் சரக்கு வண்டிக்கு நான் சம்மதிக்க மாட்டேன். வாரண்டியில் உள்ள பி.எஸ்-6 வண்டியில் பிரீதர் பாதையில் கை வைக்கவே வேண்டாம். இன்டர்கூலர் கிளிப்பில் ஈரம் கண்டால் கேன் தேடுவதற்கு முன் 60 ரூபாய்த் தண்ணீர்க் குழாயால் அழுத்தத்தை அளந்து, கையேட்டோடு ஒப்பிடுங்கள். என் வண்டியின் எண்கள் உங்கள் என்ஜினுக்கு ஆகாது.

கேனை நான் விற்கவில்லை. அது எனக்கு இப்போது ஓர் அளவுகோல். வடித்த எண்ணெயெல்லாம் பட்டறையின் கழிவு எண்ணெய் டிரம்முக்குப் போய்விட்டது. முதல் புட்டியை மட்டும் ஓட்டுநர்களுக்குக் காட்ட வைத்திருக்கிறேன். ஓடோமீட்டர் இன்று 1,46,300. அடுத்த ஆயில் மாற்றம் 1,50,000-ல். 1,49,000 வந்ததும் கேனை மாட்டி, அந்த ஆயிரம் கிலோமீட்டரையும் நானே ஓட்டி, எத்தனை மி.லி. என்று நோட்டில் எழுதுவேன்.